மூன்று லிட்டர் இருநூறு மில்லி

மனித மூச்சை முறைப்படுத்தும் மாபெரும் பணியில் நம் நாடு எட்டியிருக்கும் உயரத்தைக் காண விரும்புவோர், செல்லூரில் நான் எழுத்தராக இருக்கும் பள்ளிக்கு வரவேண்டும். பவர்லூம் சத்தத்தைத் தாண்டினால் எங்கள் கேட்.

சென்ற ஜூலையில் 'மாணவர் சுவாச நலத் திட்டம்' வந்தது. கூடவே ஒரு செயலியும், கருத்தக்கண்ணன் என்ற கண்காணிப்பு அலுவலரும் வந்தார்கள். அறிவியல் ஆசிரியை மீனலோசனி, ஐந்து லிட்டர் கேனில் மார்க்கரால் அளவுக்கோடு போட்டு, நீர் நிரப்பி, தொட்டித் தண்ணீரில் கவிழ்த்து, அடியில் ஒரு ட்யூபைச் செருகினார். ஒரே மூச்சில் ஊத வேண்டும். எவ்வளவு நீர் வெளியேறுகிறதோ, அவ்வளவு காற்று.

எட்டாம் வகுப்பு பாண்டிமீனா வந்தாள். அலங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருபவள். அடுத்த மாதம் விளையாட்டு விடுதித் தேர்வில் ஓடவிருந்தாள்.

"எம்புட்டு ஊதணும் டீச்சர்?"

"உள்ள இருக்கிற அம்புட்டையும் ஊது."

ஊதினாள். மூன்று லிட்டர் இருநூறு மில்லி.

"கேன்ல கோளாறு," என்றார் அலுவலர். "நான் ஊதுறேன், பாருங்க."

கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். ஒரு லிட்டர் எழுநூறு.

"ட்யூப்ல அடைப்பு."

"இல்ல சார்," என்றார் டீச்சர்.

மாணவர் அளவையும், உடன் ஊதிய அலுவலர் அளவையும் செயலியில் பதிவேற்றும் பொறுப்பு என்னுடையது. மாணவர் என்றால் இரண்டரை லிட்டருக்கு மேல் செயலி ஏற்காது. அலுவலர் என்றால் மூன்றுக்குக் கீழே ஏற்காது. இரண்டு எண்ணுக்கும் சிவப்பு எழுத்தில் 'பிழை' என்றது.

அலுவலர் என் காதருகே குனிந்தார். "அண்ணே, ரெண்டையும் மாத்திப் போட்டா ஏத்துக்கிடுமா?"

ஏற்றுக்கொண்டது. பச்சை டிக் வந்தது. 'நிர்வாகத் திறன்' என்பது இதுதான்.

பத்தே நாளில் பலன் கிடைத்தது. பாண்டிமீனாவுக்கு 'அளவு ஒரு லிட்டர் எழுநூறு, நுரையீரல் பலவீனம், ஆறு மாதம் ஓடக்கூடாது' என்று ஆணை. மூன்று லிட்டர் இருநூறுடன் மாவட்ட அலுவலர்களிலேயே அதிக மூச்சு உள்ளவர் என்பதால் கருத்தக்கண்ணனுக்கு 'மூச்சுச் செம்மல்' விருது.

ஆணையை இரண்டு முறை படித்த பாண்டிமீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, "விழா எங்க டீச்சர்? நானும் வாரேன்," என்றாள்.

விழா மூன்றாவது மாடியில். லிஃப்ட் ரிப்பேர். மூச்சுச் செம்மல் முதல் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மேடையில் அவர் பெயரை மூன்று முறை அழைத்தார்கள். பாண்டிமீனா அவரைத் தாண்டி, ஒரே ஓட்டமாக ஏறி மேடையில் நின்றாள்.

"நீ யாரும்மா?" என்றார் மேலதிகாரி.

"சார் மேல வர நேரமாகும். நீங்க பரிசு குடுக்கிற மூச்சு என்னோடது, அதான் நான் வந்துட்டேன்."

மீனலோசனி டீச்சர் எழுந்து நடந்ததைச் சொன்னார். மண்டபமே சிரித்தது. ஓட்டத் தடை அங்கேயே ரத்தானது. தேர்வில் அவள் முதலாவதாக வந்து விடுதியில் சேர்ந்துவிட்டாள்.

துறை சும்மா இருக்கவில்லை. தீவிர விசாரணை நடத்தியது. எண்களை மாற்றிப் போட்ட எனக்கு, பதிவேற்றத்தை உரிய நேரத்தில் முடித்ததற்காகப் பாராட்டுக் கடிதம். 'செயலி ஏற்காத அளவை எடுத்தது ஏன்?' என்று மீனலோசனி டீச்சருக்கு மெமோ.

மெமோவை டைப் செய்ததும் நான்தான். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.