வளையம் இல்லை

டாக்டரின் குரல் ஹெட்போனில் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. டைப்பிஸ்டின் விரல்கள்தான் நடுவில் நின்றுவிட்டன. திரையின் மேல்மூலையில் இருந்தது அவள் கணவரின் பெயர்.

பதினோரு வருடமாக அந்த ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிப்பவள். குடலைத் தாங்கும் கொழுப்புச் சவ்வு படத்தில் மங்கலாகத் தெரிந்தால் என்ன பார்ப்பார்கள் என்று அவளுக்கு மனப்பாடம். ரத்தக்குழாயைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் பெரும்பாலும் வெறும் அழற்சி. வளையம் அழிந்து, இரண்டு பக்கமும் கட்டிகள் குழாயை நெருக்கினால் புற்றுநோய்ச் சந்தேகம்.

"கறுப்பு வளையம் இல்லை," என்றது குரல். "ஊசி மூலம் சதை எடுத்துப் பரிசோதிக்கவும்."

உள்ளதை உள்ளபடி அடித்து அனுப்பினாள். வீட்டுக்கு எடுத்துப்போன பிரதியில் மட்டும் 'இல்லை'யை 'உண்டு' ஆக்கி, கடைசி வரியை அழித்துவிட்டாள். கணவர் ஊசி என்ற சொல்லுக்கே வெலவெலத்துப்போகிற ஆள். வயிற்றுவலி என்று முனகியவரை அவள் தம்பிதான் ஸ்கேனுக்கு இழுத்துப்போனான். அன்றைக்கென்று அவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் கழித்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"வெறும் அழற்சிதானாம். பயமில்லையாம்."

கணவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கணவரைப் பார்த்தான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்ப டாக்டர்கிட்ட போக வேணாமே?" என்றார் கணவர்.

"எதுக்கு மாமா? அதான் ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சே!" என்றான் தம்பி.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பயமுறுத்தக்கூடாதென்று போய், வைத்தியத்துக்கே கதவைச் சாத்திவிட்டாள்.

அதன்பிறகு கணவரை நாற்காலியை விட்டு எழவிடவில்லை. வேளாவேளைக்குச் சுடச்சுடச் சாப்பாடு, படுத்தால் போர்வை. மூன்று மாடி ஏற்றவேண்டிய தண்ணீர் கேன், காஸ் சிலிண்டர் எல்லாம் தம்பி தலையில் விழுந்தன.

"அக்கா, மாமா கல்லு மாதிரி இருக்காரு. என் பேண்ட்டுதான் இடுப்புல நிக்க மாட்டேங்குது."

"உனக்கென்னடா, எருமைக்கிடா! மாமாவுக்கு இன்னொரு தலகாணி வை."

ஐந்தே நாளில் கணவர் ஒரு சுற்றுப் பெருத்தார். அவளுக்கு அது வீக்கமாகப் பட்டது. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

தம்பி பின்னால் வந்து நின்றான். அப்பா அம்மா போன பிறகு அவள் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை.

"ஏன்கா அழறே?"

"மாமாவை ஒரு தடவை டாக்டர் தொட்டுப் பாத்தா மனசு ஆறும்டா."

"இவ்வளவுதானா? நான் இருக்கேன்ல. குண்டுக்கட்டாத் தூக்கிட்டு வரேன்."

சொன்னபடி மறுநாள் கூட்டிவந்தும் விட்டான், பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கியபடி. ஆனால் சென்டர் நடையில் நர்ஸ் ஒருத்தி ஊசித்தட்டோடு எதிரே வர, கணவர் கழிப்பறைக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"மாமா, வெளிய வாங்க! நான் கையப் பிடிச்சுக்கறேன்!" தம்பி கதவைத் தட்டினான்.

"மாட்டேன்! எனக்கு ஒண்ணுமே இல்லை!"

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.  அவள் ஸ்கேன் அறை அட்டெண்டரிடம் ஓடினாள்.

"அண்ணே, அன்னிக்கு இவரை எப்படித்தான் மிஷின்ல படுக்க வெச்சீங்க? அதே மாதிரி இன்னிக்கும் பேசி வெளிய கொண்டு வாங்கண்ணே. உசுரு விஷயம்."

அட்டெண்டர் தலையைச் சொறிந்தார்.

"உங்ககிட்ட சொல்லலியாம்மா? பேரைக் கூப்பிட்டதுமே அவரு தெருவுக்கு ஓடிட்டாரு. பணம் கட்டிப் போட்ட சீட்டு வீணாப் போவானேன்னு, அவரு பேரைச் சொல்லிப் படுத்தது உங்க தம்பி."