முடியட்டும் அண்ணனின் பஸ் கதவு

கம்பெனி வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, உள்ளே ஒரு பஸ் கூட்டம் இறங்கத் துடித்துக்கொண்டிருக்கும்போது, கதவைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் டிரைவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. டிரான்ஸ்போர்ட் காண்ட்ராக்டரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. "அண்ணே, கதவைத் தொறங்கண்ணே" என்று கெஞ்சினால், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், "முடியட்டும்" என்பார். அதனால் அவர் முடியட்டும் அண்ணன்.

முடிய வேண்டியது எது என்று கேட்பீர்கள். செல்லோ இசை. செல்லோ என்பது வயலின் குடும்பத்தில் ஒரு பெரிய வாத்தியம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் இழுத்து வாசிக்க வேண்டும். அண்ணன் தரும் விளக்கம் இதைவிடச் சுருக்கம். "வயலினுக்குப் பெரியப்பா தம்பி. வயசான மனுஷன், அதான் கொரலு கட்டையா கீது."

அப்போது நான் ஒரகடத்தில் கார் கியருக்குப் பல் வெட்டும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் வேலையில் இருந்தேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ரூம். ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை ஓரம் பல்லைக்கூடச் சரியாகத் தேய்க்காமல் வந்து நிற்போம். பஸ்ஸில் ஏறியதும் தூக்கத்துக்கு முன்னால் ஒரு சண்டை உண்டு. என்ன பாட்டு போடுவது என்ற சண்டை. தெற்கத்திப் பையன்களுக்குக் கோவில் கொடை விழா மைக் செட் ரகம் வேண்டும். ஒடிசாக்காரர்களுக்கு அவர்கள் ஊர்ப் பாட்டு. பீகார்காரர்கள் செல்போனிலேயே தனிக் கச்சேரி ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு நாள் இது சட்டைக் காலர் வரைக்கும் போய், பழைய டிரைவர் பயந்துபோய் வேறு ரூட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் இடத்துக்கு வந்தவர்தான் அண்ணன். ஒரகடத்தை ஒட்டிய வல்லத்து ஆள். ஐம்பது வயது, முறுக்கு மீசை, அந்த மீசைக்குச் சம்பந்தமே இல்லாத சாதுவான கண்கள். முதல் நாளே ஆளாளுக்கு ஒரு பாட்டுப் பெயரைச் சொல்லிக் கத்த, அவர் எழுந்து நின்றார்.

"இன்னா, பாஷைதானே தகராறு? யாரு பாஷையும் வாணாம். வாயே இல்லாத பாட்டு ஒண்ணு போடறேன், கேளுங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினார். ஆழத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் எழுந்தது. கத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். பின் சீட்டிலிருந்து அண்ணாச்சிதான் முதலில் பேசினார். அண்ணாச்சி எங்கள் மெஷின் லைன் சூப்பர்வைசர், அம்பாசமுத்திரத்துக்காரர்.

"ஏ டிரைவரு, யாரு வீட்டுல வே எழவு? காலங்காத்தால இப்படி ஒப்பாரியைப் போடுதீரே!"

"ஒப்பாரி இல்ல அண்ணாச்சி, பிரார்த்தனை. முடியட்டும், சொல்றேன்."

அவருக்கு அது கிடைத்த கதை, இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்காருகிற எனக்குத்தான் முதலில் தெரிய வந்தது. பஸ்ஸுக்கு வருமுன் அண்ணன் கார் ஓட்டியவர். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் மாட்ட வந்த இஸ்ரேல்காரர் ஒருவருக்கு டிரைவர். "யூதரு தம்பி. ரொம்பப் பழைய ஜனம். கார்ல ஏறுனா ஒரு வார்த்தை பேச மாட்டாரு. இந்தப் பாட்டைப் போட்டுட்டுக் கண்ணை மூடிக்குவாரு. கேட்டாண்ட வண்டி வந்து நிக்கும். செக்யூரிட்டி சல்யூட் அடிச்சிகினு நிப்பான். இவரு எறங்க மாட்டாரு. பாட்டு முடிஞ்சாதான் எறங்குவாரு. நான் கேட்டேன், ஏன் சார்னு. 'ஒருத்தன் மனசு உட்டுப் பேசினுக்கீறான், பாதியில கதவைத் தொறந்துகினு போவியா?'ன்னாரு. எனக்குச் சுருக்குனு ஆச்சு. அன்னிலேர்ந்து நானும் போறதில்ல, யாரையும் போவ உடறதும் இல்ல."

அந்த இஸ்ரேல்காரர் ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பென் டிரைவை அண்ணன் கையில் வைத்துவிட்டுப் போனாராம். அதில் எல்லாமே செல்லோ. யூதர்களின் பழைய ஜெப ராகங்களை எடுத்துக்கொண்டு பெரிய வித்வான்கள் வாசித்தவை. கல்யாண மெட்டுகளும் இருந்தன. அவர்களிடம் சொற்களே இல்லாத பாட்டு ஒரு வகை உண்டாம். கூட்டமாக உட்கார்ந்து, வெறும் ராகத்தை மெதுவாக முனக ஆரம்பித்து, வேகம் கூடிக் கூடி, கடைசியில் எழுந்து ஆடிவிடுவார்களாம். எங்கள் பஸ்ஸுக்கென்றே செய்து அனுப்பிய மாதிரி இருந்தது அது. ஒரு மாதத்துக்குள் அம்பாசமுத்திரமும் கட்டாக்கும் ஆரணியும் ஒரே ராகத்தை முனகிக்கொண்டு ஒரகடம் மேம்பாலத்தைத் தாண்ட ஆரம்பித்தன. வாசல் செக்யூரிட்டி, "இன்னாய்யா, பஸ்ஸுக்குள்ள வண்டு கிண்டு பூந்துடுச்சா?" என்று டார்ச் அடித்துப் பார்த்தார். காலரைப் பிடித்துக்கொண்ட அதே இரண்டு பேர் ஒரே சீட்டில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார்கள். நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அண்ணன் வண்டி ஓட்டியதைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். எந்தப் பாட்டு எங்கே ஆரம்பித்தால் எங்கே முடியும் என்பது அவர் காலுக்குத் தெரியும். காலியான ரோட்டில் மெதுவாகப் போவார், வளைவில் அழுத்துவார். கடைசி ஸ்வரம் அடங்கும்போது பஸ் கம்பெனி வாசலில் இருக்கும். ஹேண்ட் பிரேக் இழுக்கிற சத்தம்தான் கைத்தட்டல். கதவு திறக்கும். இதைத் தினமும் பார்த்தும் எனக்கு மலைப்பு அடங்கவே இல்லை.

ஆனால் கன்டெய்னர் லாரிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒரு மழை நாளில், ஒரகடம் சந்திப்புக்கு முன்னால் டிரெய்லர் ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. வண்டிகள் தவழ்ந்தன. அந்த நேரம் பார்த்து, பென் டிரைவில் மிக நீளமான பாட்டின் முறை. அண்ணன் முதல் நாளே பிரார்த்தனை என்று சொன்னது அதைத்தான். மன்னிப்புக் கேட்கிற நாளுக்கு முந்தின மாலை யூதர்கள் தங்கள் கோவிலில் பாடுவது. செல்லோ ஆரம்பிக்கும், இரண்டு மூன்று ஸ்வரம் போய் நின்றுவிடும். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் ஒருவர் தயங்குகிறாரே, அப்படி. மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரோ ஒருவர், எனக்குத் தெரியாத சாமியிடம், எனக்குத் தெரியாத பாஷையில் கேட்டது எனக்கு அப்படியே புரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் எந்த இசைக்கும் நான் அப்படி அடங்கி உட்கார்ந்ததில்லை.

வாசல் வந்தது. பாட்டு முடியவில்லை.

"கதவைத் தொறயும் வே! பஞ்ச்சிங் டைம் முடியப் போவுது!" என்றார் அண்ணாச்சி.

"முடியட்டும்."

அண்ணாச்சிக்கு இந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு லேட் கிடையாது. கல்யாணத்துக்கு மறுநாளே ஷிப்டுக்கு வந்தவர் என்று லைனில் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு அவர் ஓடிப் போய்க் கார்டைக் காட்டியபோது வருகைப் பதிவு மெஷின் லேட் என்று சிவப்பு விளக்கைக் காட்டியது. அவர் அந்த விளக்கைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகாமல் எச்.ஆர். ஆபீசுக்குப் போய்ப் புகார் சொல்லிவிட்டார்.

காண்ட்ராக்டர் அண்ணனைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார். ஆயுத பூஜை லீவு முடிந்த திங்கட்கிழமை எச்.ஆர். அதிகாரியே பஸ்ஸில் ஏறிப் பார்ப்பார். அன்றைக்கு வாசலில் கதவு திறக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பஸ் முழுக்க இதே பேச்சு.

லீவு விடுமுன் கம்பெனியில் ஆயுத பூஜை போட்ட அன்று பஸ்ஸைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பென் டிரைவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார் அண்ணன். ஷிப்ட் முடிந்து நாங்கள் பொரிப் பொட்டலத்தோடு வந்தால், ஃபுட்போர்டு பக்கத்தில் கைகூப்பி நின்றார். ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "தெரிஞ்சோ தெரியாமயோ எதுனா தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுடுப்பா" என்றார். முதலில் ஏறியவர்கள் இதைப் பூஜை இனாம் கேட்கிற புது முறை என்று நினைத்து, பாக்கெட்டைத் துழாவி நோட்டை நீட்டினார்கள்.

"அய்ய, துட்டு வாணாம்பா! மன்னிப்புதான் வோணும்!" என்று பதறிப்போனார்.

விஷயம் இதுதான். அந்த இஸ்ரேல்காரர் ஒரு வருடம் ஆயுத பூஜையை ஒட்டி ஒரு முழு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். சாமியிடம் கேட்குமுன், தப்பு செய்த ஆளிடமே நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று சொல்லி, கோபத்தில் ஒருமுறை திட்டியதற்காக அண்ணனிடமே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவர்கள் பஞ்சாங்கம் வேறு; அந்த வருடம் இரண்டும் பக்கத்தில் வந்தது தற்செயல். அண்ணனோ யூதர்களுக்கும் ஆயுத பூஜை உண்டு, அன்றைக்குத்தான் மன்னிப்பு என்று முடிவு கட்டிவிட்டார். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. "மாப்ள, உன் ஷாம்பு தீர்றதுக்கு நான்தான்டா காரணம்" என்றான் ஒருவன். "தெரியும்டா, அதான் தண்ணி ஊத்தி வெச்சேன், என்னையும் மன்னிச்சுடு" என்றான் மற்றவன். பஸ் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி வந்தார். சிரிப்பு நின்றது.

"அண்ணாச்சி, உங்க கார்டுல செகப்பு உழுந்ததுக்கு நான்தான் காரணம். மன்னிச்சுடுங்க."

அண்ணாச்சி தலையைக் குனிந்தபடி தன் சீட்டில் போய் உட்கார்ந்தார். பொரிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமைக்கு முன் நாங்கள் அண்ணனைக் கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சினோம். "ஒரே ஒரு நாளைக்கு, குட்டிப் பாட்டா ஒண்ணு போட்டுடுங்கண்ணே" என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வரிசையில இன்னா வருதோ அதான் தம்பி. ஆபீசரு வர்றாருன்னு ஒருத்தர் பேச்சை அமுக்கிட்டு இன்னொருத்தரைப் பேச உடறதா? அது தப்பு."

வரிசையில் வந்தது பிரார்த்தனை.

அன்று நாங்கள் எல்லோரும் நேரத்துக்கு முன்பே வந்து நின்றோம். எச்.ஆர். அதிகாரி மட்டும் லேட். அந்த நேரத்தில் எழுந்து பழக்கமில்லாத மனிதர்; கலைந்த தலையோடு பைக்கில் வந்து இறங்கினார். போதாததற்கு வழியில் லாரி வரிசை. அண்ணன் காலால் என்னென்னவோ செய்து பார்த்தார். வாசலில் ஹேண்ட் பிரேக் விழுந்தபோது செல்லோ இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"டிரைவர், கதவைத் திறங்க."

அண்ணன் கதவு சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்று அவருக்கும் தெரியும். காது மடல் சிவந்திருந்தது. "முடியட்டும்" என்று சொல்ல வாயெடுத்தார், சத்தம் வரவில்லை.

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"முடியட்டும் சார். உக்காருங்க."

அண்ணாச்சி எழுந்து நின்றுகொண்டிருந்தார். எச்.ஆர். அதிகாரி திகைத்தார். "என்னங்க, நீங்கதானே கம்ப்ளெய்ன்ட் கொடுத்தது?"

"நாந்தான் சார். அதுக்குப் பொறவு இந்த மனுசன் எங்கிட்ட வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரல. அதுலேர்ந்து ராத்திரி தூக்கமில்ல. இப்பச் சொல்லுதேன். லேட்டு விழுந்தா விழட்டும் சார்."

அவர் உட்கார்ந்தார். எச்.ஆர். அதிகாரியும் உட்கார்ந்தார். செல்லோ தயக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு மேலே ஏறியது. ஏறி, உச்சியில் ஒரு ஸ்வரத்தில், மன்னிப்புக் கிடைத்துவிட்டதுபோல அமைதியாக நின்றது. பிறகு அடங்கியது. கதவு திறந்தது. நாங்கள் வரிசையாகப் போய்ச் சிவப்பு விளக்கு வாங்கிக்கொண்டோம். எச்.ஆர். அதிகாரியின் கார்டுக்கும் சிவப்புதான்.

அவர் நல்ல மனிதர். அங்கேயே எங்களை நிறுத்தி வைத்துக் கேட்டார். "பஸ் டைமுக்கு வந்தாகணும், அதுல பேச்சே இல்ல. பாட்டும் முடியணும்னா, தினமும் பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பணும். சம்மதமா?"

ஃபர்ஸ்ட் ஷிப்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும், விடியலின் பத்து நிமிஷத் தூக்கம் என்றால் என்னவென்று. சொத்தைக் கேட்டால்கூட எழுதிக் கொடுத்துவிடுவோம். ஆனால் அண்ணாச்சி முதலில் கையைத் தூக்கினார். பிறகு ஒடிசாக்காரர்கள். பிறகு எல்லோரும். அண்ணன் பஸ்ஸின் முன்பக்கம் போய், கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் வெகுநேரம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

கோவையில் வேறு வேலை கிடைத்து நான் கிளம்பிய கடைசி நாளும் ஃபர்ஸ்ட் ஷிப்ட்தான். வழக்கம்போல வாசலும் கடைசி ஸ்வரமும் ஒன்றாக வந்தன. கதவு திறந்து, எல்லோரும் இறங்கிப் போனார்கள். நான் இன்ஜின் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா தம்பி, பாட்டு முடிஞ்சிடுச்சே, எறங்கலையா?"

"எனக்கு இன்னும் முடியலண்ணே" என்றேன்.

அண்ணன் கதவை மூடினார்.