நடீன் கைத்துப்பாக்கி கொண்ட படலம்

வாழ்க, ரொட்டித்தட்டேந்திய தடக்கையாள்! வாழ்க, ஓக்லஹோமாப் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் நின்று, ஊர்ப் பிள்ளைகளின் பசிப்பெரும்படையை நாள்தோறும் பன்ரொட்டியாலும் பீன்ஸாலும் புறங்கண்ட நடீன் ஸ்டபுள்ஃபீல்ட்! கலைமகளே, அவள் கைத்துப்பாக்கி கொண்ட காதையைப் பாட என் நாவில் வந்து அமர்க. சத்தம் சற்று அதிகமாக இருக்கும். காதடைப்பு ஒன்று உனக்கும் எடுத்து வைத்திருக்கிறேன்.

போருக்கு முதற்காரணம் யாதெனின், கல்யாண நாள் பரிசு. டிராக்டர் உதிரிபாகம் விற்கும் திண்தோள் வணிகனும் நடீனின் கணவனுமாகிய ராய்ஸ், துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் கருமுகில் குட்டிபோல் கிடந்த அந்தச் சிறிய பிளாஸ்டிக் உடல் பிஸ்டலைக் கண்ட கணமே மையல் கொண்டான். தனக்கென்று வாங்கினால் வீட்டில் கேள்வி வரும் என்பதால், அதற்கு ரிப்பன் கட்டி மனைவியிடம் நீட்டினான். அவ்வூர்க் கணவன்மார் வழிவழியாகக் கையாளும் போர்த்தந்திரம் இது. மனைவி ஒரே ஒரு முறை சுட்டுப் பார்ப்பாள், கை வலிக்கிறது என்பாள், பரிசு தானாக நடந்து கணவனின் அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நடீனுக்கு இந்தச் சூழ்ச்சி தெரியாமல் இல்லை. ஆயினும் அந்த வீட்டில் பெரிய வண்டி ராய்ஸுடையது, சாய்வு நாற்காலி ராய்ஸுடையது, டிவி ரிமோட்டும் ராய்ஸுடையது. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. இதை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சனிக்கிழமைக் காலை மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் உண்ட தெம்போடு, ராய்ஸ் பின்தொடர, துப்பாக்கி சுட்டுப் பழகும் சுடுகளம் புகுந்தாள்.

களக்காவலர் ட்விலா. சிவப்பு மேலங்கியும், ஓயாது சூயிங்கம் மெல்லும் தாடையும் உடைய அவள், வெடியோசைக்கு மேல் குரலெழுப்பி ஆணை முழங்கினாள்.

“இங்க பாருங்கம்மா. என்ன ஆனாலும் குழல்வாய் அந்தச் சுவரைத்தான் பாத்துட்டிருக்கணும். கூரையே இடிஞ்சு தலையில விழட்டும், துப்பாக்கியோட திரும்பக் கூடாது. திரும்பினீங்க, அப்புறம் இந்தப் பக்கமே வராதீங்க.”

“அவளால முடியாதுன்னா பரவால்ல ட்விலா,” என்றான் ராய்ஸ், தேனொழுகும் குரலில். “இத நான் வெச்சிக்கிறேன். கண்ணு, உனக்கு ரோஸ் கலர்ல ஒரு ரிவால்வர் வாங்கித் தரேன், என்ன?”

“ரோஸ் கலர நீ வெச்சிக்க. உன் தொப்பிக்குப் பொருத்தமா இருக்கும்,” என்றாள் நடீன்.

பின்னர் அவள் அந்த ஆயுதத்தைக் கையிலெடுத்தாள். எடுத்ததும் ஏமாற்றமே அவளை ஆட்கொண்டது. இதுவா ஆயுதம்? ஷாம்பு புட்டியின் கனம்கூட இல்லையே! பிடியோ குட்டை, விரல்களுள் இரண்டு சிங்காசனம் ஏற, கடைக்குட்டியாகிய சுண்டுவிரல் மட்டும் குடியிருக்க இடமின்றி அந்தரத்தில் தவித்தது. சின்னது சாது என்று எண்ணினாள். அந்த எண்ணத்துக்காக விரைவிலேயே வருந்தினாள்.

முதற்போர், தோட்டா நிரப்பும் மேகசினோடு. உள்ளிருந்த சுருள்வில்லெனும் வல்லரக்கன் முதல் தோட்டாக்களை மரியாதையாகவே வரவேற்றான். போகப்போக முகம் சுளித்தான். கடைசித் தோட்டாவைக் கண்டதும் கதவை அடைத்துக்கொண்டு, அவள் கட்டைவிரலை எட்டி உதைத்தான். ஊறுகாய்ப் புட்டி மூடிகள் ஆயிரம் திறந்த அவ்விரல் சிவந்தது, வீங்கியது, நகம் நொந்தது. ராய்ஸ் உதவிக்குக் கை நீட்டினான். நடீன் பார்த்த பார்வையில் அந்தக் கை பாதியிலேயே திரும்பிப் போய்த் தலையைச் சொறிந்தது. அவள் உதட்டை மடித்து, மூச்சை அடக்கி, ஒரே அமுக்கு அமுக்கினாள். ‘டக்’கென்று அரக்கன் பணிந்தான். ஸ்லைடு எனும் மேலிரும்பும் ஒருமுறை முரண்டு பிடித்துப் பிறகு வழிக்கு வந்தது.

இனி வெடித்த வெடியைச் சொல்வேன். விசையோ வருகிறேன் வருகிறேன் என்று இழுத்தடித்து, அவள் சலித்துப்போன நொடியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. இடி இடித்தது, சாது என்று எண்ணிய சிறுபொருள் கோவேறு கழுதையாய் உள்ளங்கையில் துள்ளியது, அதன் வலப்பக்க வாயிலிலிருந்து வெளிப்பட்ட, சுட்ட தோட்டாவின் செம்பொன்னிற வெற்றுக்கூடு, கொதிக்கக் கொதிக்க வானேறி, பக்கத்துத் தடுப்பில் மோதித் திரும்பி, நடீன் அன்று ஆசையாய் அணிந்துவந்த அகன்ற கழுத்துச் சட்டைக்குள், மார்க்கச்சையின் மத்தியில், நேரே இறங்கிக் குடியமர்ந்தது.

ஐயகோ! எந்தக் காவிய நாயகன் பட்டான் இப்பாடு? தோளில் வேல் தைத்தவன் அலறலாம், உருளலாம். இவளோ கையில் உயிருள்ள துப்பாக்கியோடு நின்றாள். திரும்பினால் களம் போயிற்று, துப்பாக்கி போயிற்று, ரோஸ் கலர் வந்தாயிற்று. உடல் முழுவதும் திரும்பு திரும்பு என்று கூக்குரலிட, நெஞ்சு தீயாய் எரிய, கண்ணில் நீர் முட்ட, அந்த வீரமகள் குழல்வாயைச் சுவரிலிருந்து இம்மியும் அசைக்காது, விரலை விசையினின்று விலக்கி, மேகசினை உருவி, ஸ்லைடை இழுத்து உள்ளே வெறுமை கண்டு, துப்பாக்கியை மேசைமேல் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தி, இரு கைகளையும் விரித்துக் காட்டி, தரையில் கிழித்திருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னே வந்து நின்றாள்.

அதன்பின் ஆடினாள். சட்டையை உதறி, முழங்கால் உயர்த்தி, வாய்க்கு வந்த வசவெல்லாம் வசைபாடி அவள் ஆடிய ஆட்டத்தைக் கண்டு, பக்கத்துத் தடுப்புகளில் சுட்டுக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர்கள் வாய் பிளந்தனர். வெற்றுக்கூடு தரையில் விழுந்து உருண்டது. எல்லாரையும் சுடுவதை நிறுத்தச் சொல்லி ட்விலா கையுயர்த்த, களம் எங்கும் அமைதி சூழ்ந்தது.

இலக்குத்தாளை வரவழைத்துப் பார்த்த ராய்ஸின் முகம் மலர்ந்தது. “ஒரு ஓட்டைகூட இல்லையே!”

“ஓட்டைய யாருய்யா கேட்டா?” என்று கர்ஜித்தாள் ட்விலா. “மலை மாதிரி ஆம்பளைங்க இதே இடத்துல துப்பாக்கியும் கையுமா பம்பரமா சுத்தி, எல்லாரையும் தரையில படுக்க வெச்சிருக்காங்க. இந்த அம்மா திரும்பினாங்களா? துப்பாக்கி இவங்களோடது. அவ்ளோதான்.”

லாரி ஓட்டுநர்கள் ஆர்ப்பரித்தனர். வெந்த மார்பும் வீங்கிய விரலும் விழுப்புண்களாய் விளங்க, துப்பாக்கிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெற்றித்திருவே வடிவெடுத்தாற்போல் நடீன் நடக்க, தோற்ற மன்னனாகிய ராய்ஸ் அவளுடைய கைப்பையைச் சுமந்து பின்னே வந்தான்.

திங்கட்கிழமை அவன் அதே கடைக்குப் போய்த் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டான்.