அரை டம்ளர் டீ

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

கடிதம் எழுதி உங்கள் வேலையைக் கெடுப்பதற்கு முதலில் மன்னியுங்கள். போனில் பேசலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்கிறார். ஆகவே, அப்பா நன்றாக இருக்கிறார். அம்மாவும் நானும் அப்படியே. அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

அப்பா நாள் முழுக்கச் சுவர் உடைக்கும் மெஷினைப் பிடித்துவிட்டு வருகிறாரா, மெஷின் அங்கேயே நின்றுவிடுகிறது, கை மட்டும் வீடு வரைக்கும் ஓடிக்கொண்டே வருகிறது. டீயை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதியைச் சட்டை குடித்துவிடும். "டம்ளர் சரியில்லடி" என்று அம்மாவிடம் சண்டை போட்டுப் பெரிய டம்ளராக வாங்கி வந்தார், இப்போது சட்டைக்கு இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் அம்மா அரை டம்ளர்தான் ஊற்றுகிறாள், "சும்மா ஆடுற கைதானே, இந்த முட்டையை அடிச்சுக் குடுங்க" என்று கிண்ணத்தை வேறு நீட்டுகிறாள், அவரும் அடித்துக் கொடுத்துவிட்டு, "எப்படி நுரைக்குது பாத்தியா!" என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார். அதிர்வைத் தாங்கும் கையுறை என்று எங்கோ படித்துவிட்டு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். "நல்ல பொருள்மா, அழுக்காயிடும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

எனக்கு வேலை கிடைத்த அன்று தலையில் கை வைத்து வாழ்த்தினார். ஹேர்கிளிப் கழன்று விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திக்கொண்டேன்.

மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. அத்தையை அதிகம் படியேற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்

பி.கு.: மேலே உள்ளது அப்பா எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லை என்று எழுதியது. கவலைப்பட இருக்கிறது மாமா. காலையில் எழுந்தால் அவர் விரல்கள் வெளுத்துக் கிடக்கின்றன. நேற்று கொதிக்கிற டம்ளரைப் பிடித்தபடியே என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். பிடுங்கிப் பார்த்தால் விரல் கொப்பளித்திருக்கிறது. "சுட்டா எனக்குத் தெரியாதா?" என்றார். தெரியவில்லை மாமா.

உங்கள் மெஷின் வாடகைக் கடைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றீர்களே, அப்பாவைக் கூப்பிடுங்கள். உதவி செய்வதுபோலக் கூப்பிட்டால் வரமாட்டார். "தனியா சமாளிக்க முடியல மாப்ளே" என்று நேரில் வந்து கொஞ்சம் புலம்புங்கள். அவர் வந்து சேர்ந்ததும், கடையில் அவருக்கு டீ மட்டும் அரை டம்ளராகவே கொடுக்கச் சொல்லுங்கள்.