நூறு, இல்லாவிட்டால் பூஜ்யம்

"போன வருஷம் உங்க ஸ்கூல்ல பையன்களோட தேர்ச்சி சதவீதம் எவ்வளவு தெரியுமா சார்?" என்று கேட்டார் கல்வி அதிகாரி.

தலைமையாசிரியருக்குத் தெரியும். ஆனாலும் அதைத் தன் வாயால் சொல்வானேன் என்று மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

"பூஜ்யம்!"

"சார், பத்தாவதுல இருந்ததே ஒரு பையன்தான். அவன் கோட்டை விட்டுட்டான்."

"சதவீதத்துக்கு அதெல்லாம் தெரியாது. மேல உக்காந்து பாக்கறவங்களுக்கு, ஆண்கள் பூஜ்யம், அவ்வளவுதான். சரி, இந்த வருஷம் எத்தனை பையன்?"

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒருத்தன்."

"அதே ஒருத்தனா?"

"இல்ல சார், இவன் வேற ஒருத்தன்."

அதிகாரி நல்ல மனிதர்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த வருஷமும் பூஜ்யம் வந்தா, பிள்ளைங்களை ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பெரிய ஸ்கூல்ல சேத்துட்டு, இதை மூடிடுவாங்க. என்னால தடுக்க முடியாது."

தலைமையாசிரியர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த வட்டாரத்தில் கையில் காசு புரளும் வீடுகள் மகனைக் கட்டணப் பள்ளிக்கு அனுப்பின. மகளுக்கு இது போதும் என்று இங்கே அனுப்பின. பள்ளிக்கூடம் ஆற்றைத் தாண்டிப் போனால் "பொண்ணு படிச்சது போதும்" என்று பாதி வீடுகளில் நிறுத்திவிடுவார்கள். ஆக, அத்தனை பெண்களின் படிப்பும் ஒரு பையனுக்கு வராத கணக்குப் பாடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பையனோ எதற்கும் அசையாதவன். பள்ளிச் சுவரை ஒட்டி அவன் வீடு. மணி அடித்த பிறகு கிளம்பினாலும் நேரத்துக்கு வந்துவிடலாம் என்பதுதான் அவன் இங்கே சேர்ந்ததற்குக் காரணம். ஆசிரியர் அறையில் அன்றே அவனுக்குச் 'சதவீதம்' என்று பெயர் விழுந்தது.

முதலில் கணக்கு வாத்தியார் களத்தில் இறங்கினார். "என்கிட்ட விடுங்க சார். பதினஞ்சு நாள்ல தேத்திடறேன்."

மூன்றாம் நாளே சதவீதத்துக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

"என்ன சார் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. 'நீ ஃபெயிலானா பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க'ன்னு உண்மையைச் சொன்னேன்."

"அட பாவி மனுஷா!"

காய்ச்சல் விட்டதும் தலைமையாசிரியர் அவனைத் தன் அறையிலேயே உட்கார வைத்தார். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும். அறிவியல் டீச்சர், மொழி ஆசிரியர், வரலாற்று டீச்சர் என்று மாற்றி மாற்றி வந்து பாடம் எடுத்தார்கள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் வந்து, யார் முதலில் என்று வாசலில் வாக்குவாதம் செய்ததும் உண்டு. அந்தக் காற்றுக்குச் சதவீதம் சுகமாகத் தூங்கினான்.

"தூக்கம்தானே? அதை நான் பாத்துக்கறேன்" என்றார் விளையாட்டு ஆசிரியர். பாடத்துக்கு முன்னால் அவனை மைதானத்தில் ஓடவிட்டார். ஒரே வாரத்தில் ஓடி வந்து மூச்சு வாங்கியபடி சொன்னார்: "சார், பையன் பிரமாதமா ஓடறான்! போட்டிக்கு அனுப்பிடலாமா?"

"சார், அவன் பாஸாகணும். பறக்க வேண்டாம்!"

அதற்குள் சதவீதம் கால் இடறி விழுந்து, கணுக்கால் வீங்கி வீட்டில் படுத்துக்கொண்டான். கழுதைக்குப் பயந்து குதிரையிடம் போய் உதை வாங்கிய கதையாகிவிட்டது. வேறு வழி? ஆசிரியர்கள் வரிசையாக அவன் வீட்டுக்கே போனார்கள். வகுப்பில் பெண்கள் தனியாக இருந்தார்கள். அங்கிருந்து சத்தம் வந்தால் தலைமையாசிரியர் போகிற போக்கில் சன்னல் வழியாக, "படிங்கம்மா, படிங்க" என்று சொல்லிவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விரைவார்.

வீட்டில் மனைவி சொன்னாள்: "தூக்கத்துல கூட 'சதவீதம், சதவீதம்'னு புலம்பறீங்க. நம்ம பொண்ணு பரிட்சை எழுதினப்போ என்ன பாடம்னாவது கேட்டிருப்பீங்களா?"

"அவதான் தானா படிச்சுட்டாளே."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.

பரிட்சை நெருங்கும்போது குண்டு விழுந்தது. சதவீதத்தின் அம்மா பள்ளிக்கு வந்து கையைப் பிசைந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. பையன் பரிட்சையே எழுத மாட்டேங்கறான். மாமா பட்டறைக்கு வேலைக்குப் போறானாம்."

"ஏம்மா? என்ன குறை வச்சோம்?"

"சாப்பிடறப்போ எதிர்ல ஒரு வாத்தியார், தண்ணி குடிக்கறப்போ பக்கத்துல ஒரு டீச்சர். நேத்து அவன் குளிச்சிட்டிருக்கான், கதவுக்கு வெளியில கணக்கு சார் வாய்ப்பாடு கேக்கறாரு!"

தலைமையாசிரியர் கணக்கு வாத்தியாரைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் கூரையைப் பார்த்தார்.

அன்று மாலை தலைமையாசிரியர் மட்டும் தனியாகப் போனார். புத்தகம் எடுத்துப் போகவில்லை. கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டேய், பள்ளிக்கூடத்தைப் பத்தி நீ கவலைப்படாதே. அது எங்க பாடு. வந்து உனக்குத் தெரிஞ்சதை எழுது. போதும்."

சதவீதம் வாசலை எட்டிப் பார்த்தான். "வாத்தியாருங்க யாரும் வீட்டுக்கு வர மாட்டாங்களே சார்?"

"ஒரு ஈ, காக்கா வராது."

"அப்போ எழுதறேன் சார்."

எழுதினான். முடிவு வந்த காலையில் தலைமையாசிரியர் அவன் பெயரைத்தான் தேடினார். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டான்! கணக்கில் மட்டும் அளந்து வைத்தாற்போல, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பாஸ் மார்க். கணக்கு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளையாட்டு ஆசிரியர் சதவீதத்தைத் தூக்கப் பார்த்து, முடியாமல் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் கல்வி அதிகாரியே நேரில் வந்துவிட்டார்.

"ஆண்கள் நூறு சதவீதம்! இனிமே உங்க ஸ்கூலை யாரும் தொட முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், உங்க பொண்ணுங்க! ஒருத்தி விடாம எல்லாரும் பாஸ். அதுவும் மார்க்கைப் பாத்தீங்களா? கட்டணப் பள்ளிக்கூடமெல்லாம் வாயைப் பிளக்குது. எப்படி சார் சாதிச்சீங்க?"

தலைமையாசிரியர் அப்போதுதான் பெண்களின் மதிப்பெண்ணைப் பார்த்தார். வியப்பை விழுங்கிக்கொண்டு, "எல்லாம் கூட்டு முயற்சிதான் சார்" என்றார் அடக்கமாக. பின்னால் நின்ற ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். கணக்கு வாத்தியார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அதிகாரி, முதல் மதிப்பெண் வாங்கிய பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டார். "சொல்லும்மா. அடுத்த வருஷம் உன் தங்கச்சி பத்தாவது வர்றாளாமே. அவங்க வகுப்பும் இதே மாதிரி மார்க் வாங்கணும்னா என்ன வசதி வேணும்? எதுவா இருந்தாலும் கேளு, செஞ்சு தரேன்."

அந்தப் பெண் தயங்கவே இல்லை.

"பெருசா ஒண்ணும் வேணாம் சார். அவங்க வகுப்புல பையனே கிடையாது. எங்கேயிருந்தாவது ஒருத்தனைப் பிடிச்சுக் கொண்டுவந்து சேத்துவிடுங்க. சாரும் டீச்சருங்களும் அவன் பின்னாடியே போயிட்டா, அவங்களும் எங்களை மாதிரி நிம்மதியா படிச்சுக்குவாங்க."