ஆயிரத்தெழுநூறாரின் சபாஷ்

ஒஸ்லோவில் ஒரு நல்ல மனிதரை ஒரே சொல்லால் ஊமையாக்கியவன் நான். நோர்வே மொழியில் ‘இல்லை’ என்பதற்கு ‘நை’ என்பார்கள். எங்கள் காதுக்கு அது ‘நாய்’ என்றே விழும். அன்றைக்கு எனக்குப் பொருத்தமான சொல்தான்.

அதற்கு முன் இந்த நகரத்தில் அவரைப்போல் ஓயாமல் கதைத்த தமிழர் கிடையாது. அம்மருட் என்ற புறநகரில் பல் வைத்தியர். சொந்தப் பெயர் அவருடைய வாசற்கதவில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ‘ஆயிரத்தெழுநூறார்’. எதைக் கேட்டாலும் “ஆயிரத்தெழுநூறுகளிலை ஐசே…” என்றுதான் தொடங்குவார். அந்தக் காலத்து ஐரோப்பாவின் பரோக் சங்கீதம் அவரைப் பிடித்த பேய். வாயைப் பிளந்தபடி கிடக்கும் நோயாளி மறுத்துப் பேச வழியில்லை. அரண்மனைக்குள் கிடந்த சங்கீதம் கோப்பிக்கடைக்கு வந்ததையும், டிக்கெட் வாங்கினால் எவரும் கேட்கலாம் என்று ஆனதையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் கடைவாய்ப்பல் கழன்றிருக்கும். பல் மரக்கப் போட்ட விறைப்பூசி பின்னேரம் தெளிந்துவிடும், வரலாறு தெளியாது என்பார்கள்.

எங்கள் தமிழர் மண்டபத்து விழாவில் வயலின் போய், கீபோட்டும் சினிமாப் பாட்டும் வந்தபோது பெரியவர்கள் கொதித்தார்கள். இவர் மட்டும் குதூகலித்தார்.

“இதேதான் அங்கையும் நடந்தது. நாலு குரலைப் பின்னிப் பின்னி எழுதினவையை, அவை பெத்த பிள்ளையளே பழசெண்டு தள்ளிப்போட்டு, லேசான மெட்டுக்குப் போட்டுதுகள். பிறகு சனம் திரும்பி வந்து அதைத்தான் தேடினது. ஒரு நூறு வருசம் பொறுங்கோ.”

ஆறுதல் சொல்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை.

நகரத்துப் பழைய தேவாலயத்தில் பரோக் கச்சேரி என்றால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கிய இறைச்சி ரோல்ஸ் பொட்டலம் மடியில் இருக்கும். அந்தக் காலத்தில் சனம் சாப்பிட்டு, சீட்டாடி, பிடித்த பாட்டைத் திரும்பப் பாடச் சொல்லிக் கத்தித்தான் கேட்டதாம். வாய்பொத்தி இருப்பது பிறகு வந்த வியாதியாம். திருவிழா மேளக்கச்சேரிகளில் வளர்ந்த மனிதர். தொடையில் தாளம் போடுவார். நல்ல இடம் வந்தால் உரக்க “சபாஷ்” என்பார். ஒருமுறை முன்வரிசை மூதாட்டி திரும்பி, தும்மியவர்களுக்குச் சொல்லும் ‘புறூசித்’ என்ற வாழ்த்தைச் சொன்னார்.

நான் சொல்ல வந்த அந்த மாலை எங்களுக்கு முன்னால் என் அலுவலகத்துத் தலைவர் மனைவியோடு அமர்ந்திருந்தார். பண்பான மனிதன் என்று அவரிடம் பெயரெடுக்க நான் பல வருடம் பாடுபட்டவன். வயலின் ஒரு சுழற்சி முடிந்து வந்து விழுந்தது. “சபாஷ்” என்றார் ஆயிரத்தெழுநூறார். வாயில் இறைச்சி ரோல் வேறு. தேவாலயத்தில் ஒழுங்கு பார்க்கும் பெண் வந்து என் பக்கம் குனிந்தார்.

“இவர் உங்களோடு வந்தவரா?”

தலைவர் திரும்பிப் பார்த்தார்.

“நை,” என்றேன்.

எனக்காகப் பிய்த்து நீட்டிய பாதி ரோல் அவர் கையில் இருந்தது. அதை மெதுவாகப் பொட்டலத்தில் வைத்துச் சுற்றினார். இடைவேளையில் போய்விட்டார்.

அதன்பின்னும் கச்சேரிகளுக்குப் போனாராம். ஆனால் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டு, அசையாமல் இருந்துவிட்டு வருவாராம். கேள்விப்பட்டபோது எனக்கு நித்திரை வரவில்லை. இல்லாத பல்வலியைச் சொல்லிக்கொண்டு அவரிடம் போனேன். வரலாறு இல்லை, ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. வாயைப் பிளந்து கிடந்த நான் எப்படி மன்னிப்புக் கேட்பது? கொப்பளிக்க விட்டபோது அவசரமாகச் சொன்னேன்.

“அண்ணை, அண்டைக்கு நான் செய்தது பெரிய பிழை.”

“துப்பும்,” என்றார்.

போன மாரியில் இரண்டு டிக்கெட் வாங்கி, நானே ரோல்ஸும் வாங்கிக்கொண்டு அவர் வாசலில் நின்றேன். கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அதே தேவாலயம். கைகள் பைக்குள். இரண்டு வயலின்கள் ஒன்றையொன்று துரத்தின. அவர் கால்விரல்கூட அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாளில் ஒரு கச்சேரியிலும் வாய் திறக்காத நான், வயலின் வந்து இறங்கிய இடத்தில் தொண்டை கிழிய “சபாஷ்” என்றேன்.

நான்கு வரிசை திரும்பியது. ஒழுங்கு பார்க்கும் இளைஞன் வந்து அவர் பக்கம் குனிந்தான்.

“இவர் உங்களோடு வந்தவரா?”

அவர் என்னைப் பார்த்தார். அவசரப்படவில்லை. அந்த நேரத்துக்குள் ‘நை’ என்ற சொல் எவ்வளவு கனமென்று எனக்கு விளங்கிவிட்டது.

“யா,” என்றார் அவனிடம். ஆம் என்பதற்கு இங்கே அதுதான் சொல்.

பிறகு என் காதுக்குள் சொன்னார்.

“ஐசே, சபாஷ் சமத்திலை, தாளத்தின்ரை முதல் அடியிலை விழவேணும். நீர் பிந்திப்போட்டீர்.”

சொல்லிவிட்டு வலது கையைப் பையிலிருந்து எடுத்து, என் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். கச்சேரி முடியும்வரை விடவில்லை. கனத்த கை. அடுத்த நாளும் அந்த இடம் நொந்தது. எண்ணெய் பூச எனக்கு மனம் வரவில்லை.