நிம்மதிக்கு எவ்வளவு ஆகும்?

“இரு, இரு. மொதலாளி இன்னா கேட்டாரோ அத்த அப்பிடியே சொல்லு. நடுவுல ஒண்ணும் முழுங்காத” என்றான் சின்னதுரை.

திலகவதி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஆயுதபூஜைப் பொட்டலம். நெற்றிக் குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது.

“பூச முடிஞ்சிது. கல்பூரம் காட்னாரு. எல்லாரும் கண்ணுல ஒத்திக்கினோம். அப்பால என்ன மட்டும் தனியா கூப்ட்டாரு. ‘திலகவதி, நீ பொறுப்பா குடும்பம் நடத்துறவ. ஒரு குடும்பம் நிம்மதியா இருக்கணும்னா மாசம் எவ்வளவு வேணும்? நல்லா யோசிச்சு, லீவு முடிஞ்சதும் வந்து சொல்லு. யார்கிட்டயும் பேசாதே’ன்னாரு.”

சின்னதுரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

உட்கார்ந்ததில் நியாயம் இருக்கிறது. காக்களூரில் பாட்டில் மூடி செய்கிற அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம். ஆயுதபூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் அணைவதற்குள் முதலாளி வாயைத் திறப்பார். போனஸ் இவ்வளவு, சம்பளத்தில் ஏற்றம் இவ்வளவு என்பார். கற்பூரத்துக்கு எதிரில் சொன்ன சொல், ஒரு வருஷம்கூட அதை மாற்றினவர் இல்லை. இந்த வருஷம் பொதுவில் ஒன்றும் சொல்லவில்லை. திலகவதியை மட்டும் கூப்பிட்டு இப்படிக் கேட்டிருக்கிறார். அப்படியென்றால் என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கள்.

“நீ சொல்ற தொகைய குடுக்கப் போறாரு” என்றான் சின்னதுரை. “கம்பெனில மூத்தவ நீதான? அதான் உன் வாயாலயே சொல்லவெக்கிறாரு.”

“யார்கிட்டயும் பேசாதன்னாருய்யா.”

“நா இன்னா யாரோவா?”

திலகவதிக்குச் சம்பளம் பதிமூன்றாயிரம். புருஷன் சின்னதுரை ஒரு குடோனில் மூட்டை இறக்குகிறான், மாசம் பதினாலு வரும். ஆக இருபத்தேழாயிரத்தில் ஓடுகிற வீடு. மகள் ரம்யா காலேஜில் கடைசி வருஷம். மாமியார் மணியம்மாளுக்குச் சர்க்கரை மாத்திரை. மேலே வீட்டுக்காரம்மா விக்டோரியாவுக்கு வாடகை. மாசக் கடைசியில் கொஞ்சம் இழுக்கும். இழுக்குமே தவிர அறுந்ததில்லை.

“முப்பத்தஞ்சு சொல்றேன்” என்றாள். “எட்டாயிரம் கைல நிக்கும். அது போதும்.”

“முப்பத்தஞ்சே சொல்லு. நா குறுக்க வரல.”

மறுநாள் விஜயதசமி, அவளுக்கு லீவு. குடோனுக்கு லீவு இல்லை. ஆனால் நாஷ்டா முடித்துவிட்டுப் போன சின்னதுரை, போன சூட்டோடு திரும்பி வந்தான். மூட்டைக்குத் தலையில் போடும் துண்டை உதறிக் கொடியில் காயப்போட்டான்.

“இன்னாய்யா, லோடு வரலியா?”

“வேலய உட்டுட்டேன்.”

திலகவதி கரண்டியோடு அப்படியே நின்றாள். தோசை கருகுகிற வாசனை அவள் மூக்குக்கு வர வெகுநேரம் ஆனது.

“குடும்பத்துக்கு ஆவறத மொதலாளியே குடுத்துடப் போறாரு. அப்பால நா எதுக்கு மூட்ட தூக்கணும்? முதுகு பூடுச்சி தெலகா.”

“அவரு இன்னும் குடுக்கலய்யா. நா இன்னும் வாயே தொறக்கல.”

“கல்பூரம் ஏத்தினு கேட்டாரா இல்லியா?”

இவனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அவளே குடோன் மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, அவரு ஏதோ கோவத்துல சொல்லிட்டாரு. மனசுல வெச்சிக்காதீங்க.”

“கோவத்துல சொல்லலமா. சிரிச்சிக்கினேதான் சொன்னான். உன் மூஞ்சிக்கு இந்தக் குடோன்ல கீற எலியே மேலுன்னான். ரொம்ப வருசமா மனசுல வெச்சிக்கினு இருந்தானாம். போவட்டும். ரெண்டு நாள்ல தானா வருவான். வந்தா எலிகிட்ட வேல கேக்கச் சொல்லு.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சின்னதுரை சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்தான்.

“சரி. முப்பத்தஞ்சுலயே ஓட்டிக்கலாம்” என்றாள், தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

“அதெப்படி? ஊட்ல கீற ஆம்பளைக்குக் கைச்செலவு வேணாமா? ஒரு மூணு சேத்துக்கோ.”

முப்பத்தெட்டு ஆனது.

உள்ளே மாமியார் மணியம்மாள் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். மணியம்மாளுக்குப் போன் எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். போனே இல்லாமல் கடம்பத்தூர் வரை எட்டும் குரல்.

“ஆமாண்டி, முழுசா ஒரு சவரன். உங்கண்ணன் செய்யாம வேற எவன் செய்வான்?”

கடம்பத்தூரில் இருப்பது சின்னதுரையின் தங்கை. அவள் மகளுக்கு அடுத்த மாசம் மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் இவர்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

திலகவதி உள்ளே ஓடினாள். “அத்தே, இன்னா சவரன்? பட்டுப்பாவாடையும் கொலுசும்னுதான பேசி வெச்சிருந்தோம்?”

“அது மூட்ட தூக்குற மாமன் சீரு” என்றாள் மணியம்மாள். “இப்ப அவன் ஊட்ல ஒக்காந்து சாப்புட்ற மாமன்.”

நாத்தனாரிடமே சொல்லிவிடலாம் என்று திலகவதி திரும்பவும் போன் போட்டாள். “அம்மா ஏதோ ஆசைல சொல்லிட்டாங்க” என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் முந்திக்கொண்டது.

“அண்ணி, பேனருக்குச் சொல்லிட்டேன். அண்ணன் போட்டோதான் எல்லாத்தவிட பெருசு. ‘சவரன் சீர் தந்த தாய்மாமன்’னு கீழ போடச் சொல்லிக்கிறேன். எங்க மாமியாருக்கு இப்பவே மூஞ்சி செத்துப்பூடுச்சி.”

திலகவதி “சரி” என்று போனை வைத்தாள். இத்தனை வருஷத்தில் நாத்தனார் அவளிடம் இவ்வளவு சந்தோஷமாகப் பேசினதே இல்லை. ஒரு சவரன் என்றால் கடனுக்கு வாங்கித்தான் தவணை கட்ட வேண்டும், மாசம் பத்து.

நாற்பத்தெட்டு.

“எல்லாருக்கும் கேக்கறீங்க. நா மட்டும் பஸ்லயே தொங்கிக்கினு போவணுமா?” என்றாள் ரம்யா. “ஒரு ஸ்கூட்டி. தவணையும் பெட்ரோலும் சேத்து அஞ்சாயிரம். நைனா சரின்னுட்டாரு.”

“நைனாவுக்கு இன்னா, சரின்னு சொல்றத தவிர வேற வேல கீதா இப்போ?”

ஐம்பத்து மூன்று. அப்புறம் சின்னதுரைக்கு இன்னொரு பயம் வந்தது. வருமானம் கூடிவிட்டால், அரசாங்கத்திலிருந்து பெண்களுக்கு மாசாமாசம் வருகிற ஆயிரம் நின்றுவிடுமே. நிற்கப் போகிற ஆயிரத்தையும் சேர்த்தார்கள். ஐம்பத்து நாலு.

இதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம். விக்டோரியா ஒரு தட்டில் வாழைப்பழம் வைத்துக்கொண்டு சிரித்தபடி இறங்கி வந்தார். மணியம்மாள் போன் பேசினால் மாடிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

“தெலகா, கேட்டதும் மனசு நெறஞ்சி போச்சிமா. கர்த்தர் கண்ண தொறந்துட்டாரு. நீங்க கஸ்டப்பட்றீங்களேன்னுதான் இத்தன நாளா வாடகைய ஏத்தாம இருந்தேன்.”

“அக்கா, இன்னும் ஒண்ணும் முடிவாவலக்கா.”

“முடிவானதும் குடு. ரெண்டாயிரம்தான் ஏத்திக்கிறேன். பழம் சாப்புடு.”

திலகவதி பழத்தைப் பார்த்தாள். ஒரு சீப்பு பழம் மாசம் ரெண்டாயிரத்துக்கு வந்திருக்கிறது.

ரம்யா செல்லில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள். “அம்பத்தாறு மா. ஆனா ஒண்ணு. சோறு, மாத்திர, பீசு எல்லாம் பழையபடியேதான் போட்டுக்கிறேன். அவரு நிம்மதியா இருக்க எவ்ளோன்னுதான கேட்டாரு? நிம்மதிக்குன்னு இதுல ஒண்ணுமே இல்ல.”

எல்லாரும் யோசித்தார்கள். நிம்மதி என்ன விலை என்று யாருக்கும் தெரியவில்லை.

“ஒரு ஒம்பது போடு” என்றான் சின்னதுரை. “மொத்தம் அறுவத்தஞ்சு. சொல்றதுக்கும் நல்லா கீது.”

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த ஒன்பதாயிரம் யாருடைய நிம்மதிக்கு என்று பேச்சு வந்தது. சின்னதுரை சுவர் அகலத்துக்கு டிவி என்றான். மணியம்மாள் பிரதோஷம் தவறாமல் திருவாலங்காடு போய்வர ஆட்டோ என்றாள். ரம்யாவுக்குப் புதுப் போன். பெற்ற மகனை, வளர்த்த விதத்தை, கட்டிக்கொண்டு வந்த நாளை எல்லாம் இழுத்துப் பேசினார்கள். பொழுது சாய்ந்தபோது அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. விஜயதசமிக்கென்று சுட்ட வடை ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தது.

இருபத்தேழாயிரத்தில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லையே என்று திலகவதி திகைத்துப்போனாள்.

லீவு முடிந்து கம்பெனிக்குப் போனதும் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அறையில் ஏசி ஓடவில்லை. ஜன்னல் திறந்திருந்தது.

“வா திலகவதி. உட்கார்.”

அவர் எதிரில் அவள் உட்கார்ந்ததே இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வேலையை விட்ட புருஷன், பேனர், வாடகை எல்லாம் கண்முன்னால் வந்து நின்றன. இந்தத் தொகை கிடைக்காவிட்டால் வீடு கவிழ்ந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

“அறுவத்தஞ்சு ஆவும் சார்.”

முதலாளி முகம் வெளுத்துவிட்டது. “அறுபத்தஞ்சாயிரமா? மாசத்துக்கா?”

“ஆமா சார்.”

“அவ்வளவு ஆகுமா?” டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

திலகவதிக்கு அவரைவிட அதிர்ச்சி. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம், இருக்கிற பதிமூன்றும் போய்விடப் போகிறது என்று பயந்தாள்.

“கொறைக்கலாம் சார்” என்றாள் அவசரமாக.

“குறைக்க முடியுமா? எப்படி?” அவர் நாற்காலியோடு முன்னால் நகர்ந்து வந்தார்.

“நிம்மதிக்குன்னு ஒரு ஒம்பது சும்மா போட்டது சார். அத எடுத்துடலாம். வண்டியும் வேணாம். பஸ்ல போய்க்கலாம். பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்லியே.”

“எல்லாப் பொம்பளைங்களுக்குமா?”

“எல்லாருக்கும்தான் சார். நீ யாரு, எந்த ஊட்டுப் பொம்பளன்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. எவ்வளவு கருமி பார், ஒவ்வொரு செலவாக நோண்டிப் பிடுங்குகிறாரே என்று திலகவதி மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் குறைத்தால்தான் அவர் சிரிக்கிறார்.

“சீருக்கு சவரன் வேணாம் சார். பட்டுப்பாவாட, கொலுசு போதும்.”

“சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேச மாட்டாங்களா?”

“பேசுவாங்க சார். பந்தி முடியற வரைக்கும் பேசுவாங்க. அப்பால வேற எவனையாவது பேசுவாங்க.”

“பேசட்டும்” என்றார், யாரையோ நினைத்துக்கொண்டு. “ஏசி இல்லாம தூக்கம் வருமா?”

“தரையில தண்ணி தெளிச்சி, ஜன்னல தொறந்து வெச்சா வரும் சார். மொத ரெண்டு நாளு பொரண்டு பொரண்டு படுப்பாங்க. அப்பால கொறட்டதான்.”

“ரேஷன் அரிசி?”

“இட்லிக்குப் போடலாம் சார். சோத்துக்குக் கொஞ்சமா கடையில வாங்கிக்கணும்.”

“வீட்டு ஆம்பள வேலைக்குப் போகலேன்னா?”

மேஸ்திரி இவருக்கும் போன் போட்டுவிட்டானோ என்று திலகவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “போவணும் சார். ஆம்பள ஊட்ல ஒக்காந்தா செலவும் ஜாஸ்தி, சண்டையும் ஜாஸ்தி. கண்டிப்பா போவணும்.”

“போகணும், போகத்தான் வேணும்” என்று அவர் வேகமாகத் தலையாட்டினார்.

விக்டோரியாவைக் காலில் விழுந்தாவது சமாளிக்கலாம் என்று வாடகை உயர்வையும் எடுத்தாள். முப்பத்தஞ்சு என்றாள், முப்பது என்றாள். இறங்க இறங்க முதலாளி முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் தன் வாயிலிருந்து வந்த தொகையைக் கேட்டு அவளே அதிர்ந்துபோனாள்.

“இருபத்தேழு சார்.”

“இருபத்தேழா? அதுல நிம்மதியா இருக்க முடியுமா? பொய் சொல்லாதே திலகவதி.”

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல ஒன்றும் இல்லை.

“பூச முடிஞ்சி நா ஊட்டுக்குப் போற வரைக்கும் நிம்மதியாத்தான் சார் இருந்தோம்.”

முதலாளி எழுந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பினார். கண் கலங்கியிருந்தது. “போதும்மா. நீ நல்லா இருக்கணும்” என்றார். அவ்வளவுதான். சம்பளம் என்றோ, எப்போதிலிருந்து என்றோ ஒரு வார்த்தை இல்லை.

திலகவதி வெளியே வந்தாள். காற்று வாங்கினால்தான் தலை நிற்கும் போலிருந்தது. சம்பளம் கேட்கப் போய், தானே பேரம் பேசித் தானே இறக்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு சொல்வது? மேஸ்திரியிடம் யார் போய் நிற்பது? கடம்பத்தூர் பேனரை யார் இறக்குவது?

கேட் ஓரமாக நின்றிருந்த வாட்ச்மேன் தேசப்பன் அவளைக் கண்டதும் அருகில் வந்தார்.

“உன்னத்தான் தேடிக்கினு இருந்தேன் தெலகா. உங்க தெருவுல வாடகைக்கு ஊடு எதுனா காலியா கீதா? சின்னதா இருந்தா போதும்.”

“யாருக்குண்ணே?”

தேசப்பன் ஆபீஸ் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம மொதலாளிக்குத்தான், பங்களா, காரெல்லாம் கடன்ல பூடுச்சி, கம்பெனிய வேற ஆளு வாங்கிக்கினாரு, ஒண்ணாந்தேதிலர்ந்து இவரு இங்கயே நம்மள மாதிரி மாச சம்பளத்துக்கு நிக்கப் போறாரு, அந்த டப்புல ஒரு குடும்பம் ஓடுமா ஓடாதான்னு தெரியாம பாவம் ரெண்டு நாளா மனுசனுக்குச் சோறே எறங்கல.”